இத்தாலியப் பாடகருக்கு நான் எழுதிய மரண அறிவித்தல்

எங்கள் கோயில் பங்கில் யாராவது இறந்தால் முதலில் சுவாமிக்குத் தொலைபேசி போகும். அடுத்தது எனக்கு வரும். ஜேர்மனியில், டோர்ட்மண்டில் இருக்கிற யாழ்ப்பாண, மன்னார்க் கத்தோலிக்கர் வீடுகளுக்கு மரண அறிவித்தல் எழுதிக் கொடுத்தவன் நான். படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் எந்த மருமகனுக்குப் பிறகு எந்த மருமகன் வரவேண்டும், கனடாவில் இருக்கிற சகலனை எங்கே செருகவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. செத்தவரைப் பற்றி ஒரு வரி பிழைத்தாலும் எங்கள் சனம் பொறுக்கும். ஒரு பெயர் விடுபட்டால் பொறுக்காது. பத்து வருடம் முகம் பார்க்காத தங்கச்சியானாலும் "அன்புச் சகோதரியும்" என்று போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் முப்பத்தோராம் நாள் பூசைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

இவ்வளவு அனுபவம் உள்ளவன், ஓர் இத்தாலியப் பாடகருக்கு ஏழு வரி எழுதினேன். அதில் ஒரு வரி ஒரு குடும்பத்தைக் குலைத்துவிட்டது. அதைத்தான் இங்கே சொல்கிறேன். என் பக்கத்து நியாயத்தையும் சொல்வேன், ஆனால் அதை யாரும் ஏற்கவேண்டும் என்று கேட்கமாட்டேன்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடையின் சமையலறை வாசலில். அகதி வழக்கு முடியாத காலம். எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை. கலியாணம் முடித்து ஒரு வருடம். வெள்ளியும் சனியும் பின்னேரங்களில் அவர் வந்து பாடுவார். வெள்ளைக் கோட்டு, கறுப்புச் சாயம் அடித்த தலைமயிர், கையில் ஒரு கட்டுச் சிவப்புக் கார்னேஷன் பூ. ஒவ்வொரு மேசையாகப் போய், அங்கே இருக்கிற பெண் இருபது வயதோ எழுபது வயதோ, கண்ணைப் பார்த்து ஒரு அடி பாடி, ஒரு பூவைக் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார். புருஷன்மார் கை தட்டுவார்கள். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான் நெருப்புச் சூட்டுத் தண்ணீரில் கை வெந்து நிற்க, ஒருவன் பூக் கொடுத்துப் பிழைக்கிறானே என்று எரிச்சல். போதாததற்கு அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் காரிலிருந்து தூக்கிவருகிற வேலையையும் முதலாளி என் தலையில் கட்டிவிட்டார்.

பெட்டி தூக்கித் தூக்கித்தான் பழக்கம் வந்தது. அவருடைய ஜேர்மனும் என்னுடைய ஜேர்மனும் இரண்டு நொண்டிகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல. ஆனாலும் கதை நடந்தது. பிறகு அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸ் பறித்தது. குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு காரையும் நான்தான் ஓட்டினேன்.

தெற்கு இத்தாலியில் மீன்பிடிக் குடும்பம். பத்தொன்பது வயதில் இங்கே தெருக் கிண்டுகிற வேலைக்கு வந்தவர். இளம் மனைவியை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். தொழிலாளர் விடுதியில் பாடியதை யாரோ கேட்டு, யாரையோ கூட்டிவந்து, ஒரு இசைத்தட்டு வந்தது. ஜேர்மன் வரிகள், நடுவில் காதல், நிலவு, கடல் என்று நாலு இத்தாலியச் சொற்கள். அந்த ஒரு பாட்டு அவரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனது. முகாமையாளர் முதல் நாளே ஒரு சட்டம் போட்டாராம்: உனக்கு மனைவி இல்லை. காதல் பாட்டுக்காரன் எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக இருக்கவேண்டும், ஒருத்திக்குச் சொந்தமானவனின் இசைத்தட்டை மற்றவள் வாங்கமாட்டாள்.

மோதிரத்தைக் கழற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுவாராம். மனைவி ஒரே ஒருமுறை இங்கே வந்திருக்கிறா. அவவை மண்டபத்தில் மூன்றாவது வரிசையில், மச்சாள் என்று சொல்லி இருத்தியிருக்கிறார்கள். அவவும் எழுந்து நின்று கை தட்டினாவாம். அடுத்த நாள் ரயில் ஏறிப் போனவ திரும்பி வரவில்லை. பிள்ளையும் இல்லை. சில வருடங்களில் ஊரிலேயே இறந்துபோனா. இந்தக் கதையை அவர் எனக்குப் பல தடவை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். கடைசி முறை சொன்னபோது சிரிக்கவில்லை. கண்ணாடிக் கூட்டைத் திறந்து காட்டினார். மோதிரம் உள்ளேயே இருந்தது.

பெரிய மண்டபம் சின்ன மண்டபமானது. பிறகு உல்லாசக் கப்பல். பிறகு தளபாடக் கடைத் திறப்புவிழா, அங்கே மெத்தைகளுக்கு நடுவில் நின்று பாடவேண்டும். அதற்கும் பிறகு எங்கள் கடை. வாத்தியக்காரர் போய்ச் சின்ன மெஷின் வந்தது. பல் போய்க் கட்டுப்பல் வந்தது. அது வந்ததும் சில எழுத்துகளில் விசில் அடித்தது. அந்த எழுத்து வருகிற அடிகளில் மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடிப்பார். ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைத்தார். கவனித்த நானும் சொல்லவில்லை. அந்த நேரம் நான் கோப்பையிலிருந்து பீட்சா அடுப்புக்கு உயர்ந்திருந்தேன். அடுப்படியில் நின்றால் முழு மண்டபமும் தெரியும்.

அடுப்படியில் நின்றபடியால்தான் அந்தப் பெண்ணைக் கவனித்தேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வருவா. கோட்டுத் தொங்கவிடுகிற இடத்துக்குப் பக்கத்து மேசை. தனியாக இருந்து ஒரு சூப், ஒரு கோப்பி. வயது முப்பதுக்குக் கிட்ட. பிறகு நாற்பது, பிறகு ஐம்பது. அத்தனை வருடம் வந்தா. அவர் எல்லா மேசைக்கும் போவார், அந்த மேசைக்கு மட்டும் போகமாட்டார். பூவும் இல்லை, பாட்டும் இல்லை. வேறு மேசையில் நின்று பாடிக்கொண்டே அவவின் சூப் கோப்பையைப் பார்ப்பார், சாப்பிட்டு முடித்தாவோ என்று. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். இவருக்குத் தசை ஆடியதை நான் கண்ணால் கண்டேன். மூக்கும் அதே மூக்கு.

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கடை மூடப்பட்டு, நான் ஒரு தொழிற்சாலைக் கன்டீனுக்கு மாறி, அவர் ஒற்றை அறை வீட்டுக்குள் ஒடுங்கிய பிறகும் அவ வந்துகொண்டிருந்தா. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவ. அவருடைய கண்ணாடியைத் திருத்திக்கொண்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு வருவா. ஒரு மனிதருக்கு எத்தனை முறைதான் கண்ணாடி உடையும்?

அவருக்கு ஈரலில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிப் படிவத்தில் நெருங்கியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தார். செத்தவீட்டு ஒழுங்குகளையும் ஒரு நிறுவனத்தில் முன்கூட்டியே எழுதி வைத்து, அதிலும் என் பெயரைத்தான் கொடுத்திருந்தார். கடைசிக் கிழமையில் ஒரு பின்னேரம், சாயம் போன தலையைத் தலையணையில் சாய்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"அந்த மேசைக்காரியைத் தெரியும்தானே உனக்கு?"

"தெரியும்."

"என்னுடைய மகள்."

"மூக்கைப் பார்த்தே தெரிஞ்சுகொண்டேன்," என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் சொல்லாதே," என்றார். "என் தொழிலில் நான் கெட்டித்தனமாகச் செய்தது ஒன்றே ஒன்று. சொல்லாமல் இருந்தது."

நான் அதை எப்படி விளங்கிக்கொண்டேன்? முகாமையாளர் போட்ட சட்டத்தின் மிச்சம் என்று. மனைவியை மச்சாள் ஆக்கிய மனிதர், இப்போது மகளையும் யாரோ ஆக்கிவிட்டுச் சாகப்போகிறார், பழக்கதோஷம் சாவு வரைக்கும் விடவில்லை என்று. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. ஏன் சொல்லக்கூடாது என்று ஒரு சொல் திருப்பிக் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

மூன்றாம் நாள் விடிய அவர் போய்விட்டார். அவவுக்கு நான்தான் தொலைபேசி எடுத்தேன். "பூசைக்கு வருவேன். பின்னால் இருப்பேன்," என்றா. "எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன்," என்றேன். "பெரிதாக ஒன்றும் செய்யாதீர்கள்," என்றா. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

செத்தவீட்டு நிறுவனத்தில் ஒரு பெண் படிவத்தை நீட்டினா. பேப்பரில் போடுகிற அறிவித்தல். பெயர், பிறந்த ஊர், பூசை நேரம். அதன் கீழே, துயருறுவோர் என்று ஓர் இடம். அது வெறுமையாக இருந்தது. இடத்தை விட்டுவிடலாம், பலர் அப்படித்தான் போடுகிறார்கள் என்றா. என்னால் தாங்க ஏலவில்லை. ஒரு மனிதன் செத்து, கீழே ஓர் உறவும் இல்லாமல் ஓர் அறிவித்தலா? அதை எழுதியவன் நான் என்றா? படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் மனைவி பாடசாலையில் துப்புரவு வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே படிவத்தை வாங்கிப் பார்த்தா. மகளின் பெயரைப் போடப்போகிறேன் என்று கதை முழுவதையும் அவவுக்குச் சொன்னேன்.

"உங்களுக்கென்ன விசரே? அந்தாள் சொல்லாதையெண்டு சொன்னதல்லே?"

"அது அந்தாளின்ரை பழைய பகிடி. செத்தாப்பிறகும் பிள்ளையை ஒளிக்கிறதே?"

"சரி, அப்பிடியெண்டால் அந்தப் பிள்ளையிட்டை ஒருக்கால் கேட்டுப்போட்டுப் போடுங்கோவன். நம்பர் கிடக்குத்தானே?"

"இதிலை கேக்க என்ன கிடக்கு? பேரை விட்டால்தான் கேக்கவேணும். போடுறதுக்கு ஆரும் கேக்கிறவையே?"

"ஊரிலை உங்களுக்கு நடந்ததை இஞ்சை கொண்டுவந்து கொட்டாதேங்கோ," என்று சொல்லிவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போய்விட்டா.

அவ சொன்னது சரி. அதனால்தான் கோபம் வந்தது. என் அப்பா யாழ்ப்பாணத்தில் செத்தபோது நான் இங்கே, விசா இல்லாமல், போக வழியில்லாமல் இருந்தேன். என் மனைவியின் சாதி எங்கள் வீட்டுக்குப் பிடிக்காது. அண்ணைமார் அடித்த நோட்டீஸை ஒரு கூட்டாளி கடிதத்தில் மடித்து அனுப்பியிருந்தான். பிள்ளைகள் வரிசையில் மூன்று பெயர். நாங்கள் நாலு பேர். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு கக்கூசுக்குள் இருந்து அழுதேன். மூன்று தடவை எண்ணிப் பார்த்தேன், ஏதோ நான் எண்ணியதில் பிழை என்பதுபோல. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். என் கையால் எழுதுகிற ஒன்றில் ஒரு பிள்ளையும் விடுபடக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம். நல்ல வைராக்கியம்தான். அதை வைத்து யாரை வேண்டுமானாலும் வெட்டலாம் என்று அப்போது தெரியாது.

அவவின் நம்பர் என் சட்டைப் பையில் கிடந்தது. எடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. எடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவ பேப்பரை விரித்துத் தன் பெயரைத் திடீரென்று கண்டு சந்தோசப்படவேண்டும் என்று எனக்கு ஆசை. எனக்கு யாரும் கொடுக்காததை நான் அவவுக்குக் கொடுக்கிறேன் என்று ஒரு பெருமை.

ஏழாவது வரியில் "அவருடைய அன்பு மகள்" என்று போட்டு, அதே வரியில் அவவின் முழுப் பெயரையும் எழுதினேன். சனிக்கிழமைப் பேப்பரில் வந்தது. வெட்டி எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு பெயர் இருந்தது. நல்ல வேலை செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பூசை. அவ பின்னால் இருக்கவில்லை. பூசைக்கு முன்னமே கோயில் வாசலில் எனக்காகக் காத்துநின்றா. கையில் வெட்டியெடுத்த அந்த அறிவித்தல். நான் சிரித்துக்கொண்டு கிட்டப் போனேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பைத்தான் முதலில் அழிக்கவேண்டும்போல் இருக்கிறது.

"யார் உங்களைக் கேட்டது?" என்றா. சத்தம் போடவில்லை.

எனக்கு விளங்கவில்லை. "நீங்கள் அவருடைய மகள்தானே?" என்றேன்.

"எனக்கு ஒரு அப்பா இருக்கிறார்," என்றா.

கோயில் படியில் நின்றபடி சொல்லி முடித்தா. அவவின் அம்மா ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மனைவி. அம்மா செத்து ஏழு வருடம். அந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு இப்போது எண்பத்தொரு வயது. நெஞ்சு முழுக்கக் கரித்தூள். மூக்கில் ஒட்சிசன் குழாயோடு இருக்கிறார். வேலை முடிந்து தினமும் போய் அவருக்குச் சமைத்து, முதுகு துடைத்துவிடுகிறவ இவ. தன் பிள்ளை இல்லை என்று அவருக்குத் தெரியாது. அம்மா சாகும்போது அல்ல, மிக முன்னமே, மகளின் இருபத்தைந்தாவது வயதில் அவவுக்கு மட்டும் சொல்லியிருந்தா. அன்றிலிருந்து மகளும் பாடகரும் சேர்ந்து அந்தக் கிழவரிடமிருந்து அதை மறைத்து வந்திருக்கிறார்கள். பூக் கொடுக்காமல், பாடாமல், கண்ணாடி திருத்துகிறோம் என்று சொல்லி.

"அம்மா பாடகரைச் சந்தித்த அந்தக் கச்சேரிக்கு, பிறந்தநாள் பரிசாக டிக்கெட் வாங்கிக் கொடுத்தவரே அப்பாதான்," என்றா. "தனக்கு வேலை, நீ போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினாராம். அந்த டிக்கெட்டின் துண்டை இன்னும் பட அல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்."

அவர் பேப்பர் பார்க்கிறவர். சுரங்கக் கூட்டாளிகளில் யார் செத்தது என்று முதலில் அந்தப் பக்கத்தைத்தான் விரிப்பாராம், எங்கள் ஆட்களைப்போல. அவவுடைய பெயரின் கடைசிப் பகுதி அவருடைய பெயர். சனிக்கிழமை மத்தியானம் அவ சாப்பாட்டோடு போனபோது பேப்பர் மடிக்கப்பட்டு மேசையில் இருந்ததாம். அவர் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி: "எவ்வளவு காலமாக உனக்குத் தெரியும்?" அவ பொய் சொல்லவில்லை. சாவிக் கோர்வையிலிருந்து வீட்டுத் திறப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்றாராம்.

நான் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அப்பாவின் நோட்டீஸைப் பற்றிக்கூட உளறியிருப்பேன். அவ கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "நீங்கள் உங்களுக்காகச் செய்திருக்கிறீர்கள்," என்றா. பூசைக்குள் வரவில்லை. தன்னைப் பெற்ற மனிதரின் பெட்டியையும் பார்க்காமல் டிராம் தரிப்பிடத்துக்கு நடந்துபோனா. உள்ளே மெஷினில் அவருடைய அந்தப் பழைய பாட்டைப் போட்டார்கள். கேட்பதற்கு நானும் என் மனைவியும் முன்னாள் கடை முதலாளியும்தான் இருந்தோம்.

அந்தக் கிழவரிடம் நேரே போய்க் காலில் விழலாம் என்று நினைத்தேன். என் மனைவி முதல்முறையாகச் சத்தம் போட்டா: "காணும். இனி ஒருத்தற்றை வீட்டுக்கும் போகாதேங்கோ." மகளுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. எங்கள் பங்கில் அதற்குப் பிறகு செத்தவர்களுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். சனம் காரணம் கேட்டது. கண் பார்வை குறைந்துவிட்டது என்றேன்.

ஆனால் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கன்டீனில் பேப்பரை எடுத்து அந்தக் கிழவருடைய பெயர் இருக்கிறதோ என்று பார்ப்பேன். இல்லை என்றால் இன்னும் ஒரு கிழமை கிடைத்திருக்கிறது, மனம் இளகக்கூடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். எட்டு மாதம் அப்படிப் போனது.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தது. நல்ல பெரிய அறிவித்தல். மேலே சுரங்கத் தொழிலாளரின் இரண்டு சுத்தியல் அடையாளம். அன்பு மனைவியிடம் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு வரி. துயருறுவோர்: தங்கை, தங்கையின் கணவர், மருமக்கள், அவர்களின் பிள்ளைகள். ஒரு அயலவரின் பெயர்கூட இருந்தது. நான் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்தேன். பிறகு மேலிருந்து மறுபடியும் வாசித்தேன். மூன்றாம் முறையும் எண்ணினேன். அவவின் பெயர் இல்லை.

அடக்கத்துக்குப் போகாதேங்கோ என்று மனைவி சொல்லியும் போனேன். சேமக்காலையில் ஈரமண். இந்த நாட்டு வழக்கம், குழிக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் மண்ணும் சின்னச் சவளும் இருக்கும். எல்லோரும் வரிசையில் போய் ஒரு சவள் மண் போட்டுவிட்டு, ஓரமாக நிற்கிற குடும்பத்துக்குக் கை கொடுப்பார்கள். தங்கையின் குடும்பம் ஓரத்தில் நின்றது. அவ அங்கே இல்லை. வரிசையில் நின்றா, எனக்கு முன்னால், எங்களுக்கிடையில் ஐந்தாறு கிழட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள். வந்தவர்களில் ஒருத்தியாக, தன் முறைக்குக் காத்துக்கொண்டு நின்றா.

முறை வந்ததும் குனிந்து மண் எடுத்தா. சவளால் அல்ல, கையால். கொஞ்சம் கொஞ்சமாக விட்டா. பின்னால் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அந்தக் கையைக் கோட்டில் துடைத்துவிட்டு, தங்கைக்காரியின் முன்னால் போய் நீட்டினா. தங்கைக்காரி இரண்டு கைகளையும் தன் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவவுக்குப் பின்னால் வந்த கிழவரைப் பார்த்தா.

அவ கையை மடக்கிக்கொண்டு திரும்பி நடந்தா. என்னைக் கடந்துதான் போகவேண்டும். என்னைக் கண்டா, ஆனால் நிற்கவில்லை. ஏதாவது ஏசுவா என்று நினைத்தேன், ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வரிசை நகர்ந்து என் முறை வந்தது. வாளியில் மண் இருந்தது, சவளும் இருந்தது. எனக்குக் கை போகவில்லை. பின்னால் நின்றவருக்கு இடம் விட்டு ஒதுங்கினேன்.